கரண்டியால் தோண்டிய பாறை

ஒரு பாறை கீழே வருமா வராதா என்று பார்த்துச் சொல்லத்தான் நான் இலங்கைக்குப் போனேன்.

கேட்டவள் கோமதி. திருச்சியில் முதுகலை படித்த இரண்டு வருடமும் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அவள் இயற்பியல், நான் நிலவியல். இப்போது அவள் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் நீலகிரி மலைச் சாலைகளின் சரிவுகளைப் பற்றி அறிக்கை எழுதுகிறேன். அவளுடைய அண்ணன் சிவகுமார், பிறந்ததிலிருந்து இருந்த, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையை விட்டு வெளியேற, தோட்டத்தில் கிடைத்த சின்ன மனையில் வீடு கட்டி முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டும். ஆனால் வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு பெரிய உருண்டைப் பாறை நின்றது. அண்ணி செல்வி ஒரே பிடிவாதம்: படித்தவர்கள் யாராவது வந்து அந்தக் கல்லைப் பார்த்துச் சொல்லாமல் அவர் அங்கே குடிபோகமாட்டார்.

ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். பையில் வைத்தவை: நிலவியல் சுத்தியல், திசைகாட்டி, அளவுநாடா, உருப்பெருக்கி, இரண்டு நோட்டு, கோமதிக்குச் சாம்பார்ப் பொடி. கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி சுத்தியலைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “எங்கள் கல்லையா உடைக்கப் போகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தட்டிப் பார்க்க மட்டும்தான் என்றேன். சாம்பார்ப் பொடியைத்தான் இரண்டு தடவை முகர்ந்து பார்த்தார்.

ஹட்டன் பஸ் சமவெளியை விட்டு ஏறத் தொடங்கியதும் ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து, யாரும் கேட்காமலே இருக்கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டது. வெளியே பாறைகள் தெரிந்தன. கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. நீலகிரியில் நான் தினமும் பார்க்கிற அதே கல். ஒரு காலத்தில் இரண்டு நாடும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தவை. கடல் நடுவில் வந்தது பிறகுதான். கடவுச்சீட்டில் முத்திரை குத்தி நான் வந்து சேர்ந்த இடத்தில் எங்கள் ஊர்க் கல்லே நிற்பதைப் பார்த்தபோது, தூக்கத்தில் எழுந்து நடந்து பக்கத்து அறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது.

கினிகத்தேனைக்குச் சற்று முன்னால் பஸ் நின்றது. முந்தின நாள் பெய்த மழையில் சாலையோரம் சரிந்து பாதி வழியை மண் மூடியிருந்தது. நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. பக்கத்துப் பெண் எனக்காகத் தமிழில் சொன்னார்: “மலைக்குச் சளி புடிச்சிருக்காம். மூக்கைச் சிந்தி முடிக்கட்டும், போகலாங்கிறாரு.”

சாலையோரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவரின் தேநீர்க்கடை. எல்லோரும் அவரை நானா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கோதுமை மா ரொட்டி, இடித்த மிளகாயில் கண்ணைக் கசிய வைக்கும் கட்டசம்பல், இஞ்சி போட்ட பிளேன்டீ. நம் ஊர்க் கடைகளில் பால் இல்லாத தேநீர் கேட்டால் உடம்பு சரியில்லையா என்பார்கள். இங்கே பால் கேட்டவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

“மண்ணுல என்னா அப்புடிப் பாக்குறீங்க?” என்றார் நானா.

சரிந்த இடத்தின் உட்புறம் அறுத்த பழம் போல் திறந்து கிடந்தது. மேலே வேர்களும் கருப்பு மண்ணும். அதன் கீழே செம்மண். அதற்கும் கீழே மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று வரிவரியாக, மடித்து வைத்த சேலை மாதிரி. மழை நீர் விரிசலுக்குள் இறங்குகிறது. பாறையில் உள்ள வெள்ளைத் தாது அதில் ஊறி ஊறிக் களியாகிறது, இரும்பு துருவாகிறது, படிகக்கல் மட்டும் மணலாக மிஞ்சுகிறது. பாறை நின்ற இடத்திலேயே, தன் வரிகளைக்கூட விடாமல், மண்ணாகிவிடுகிறது. அடுத்த கட்டம்தான் அரிப்பு: மழையும் ஆறும் வந்து அதைக் கொண்டுபோவது. முதலாவதற்கு யுகங்கள் ஆகும், சத்தமே கிடையாது. இரண்டாவதற்கு சில சமயம் ஒரு நிமிடம் போதும். இதை நானாவிடம் சுருக்கமாகச் சொன்னேன்.

“அப்ப இந்த மலை நிக்கிதுன்னு சொல்றது?”

“மெதுவா போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம்.”

“உங்க பஸ்ஸும் அப்புடித்தான்” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பாறைக்கு ஏறினோம். சிவகுமார் முன்னால், நான் நடுவில், மூச்சு வாங்கிக்கொண்டு கோமதி பின்னால். சிவகுமார் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். தேயிலைச் சரிவுகளின் குறுக்கே மழைநீர் வழிந்தோட வெட்டும் கால்வாய்க்கு அங்கே கான் என்று பெயர். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என் சுத்தியலைப் பார்த்துவிட்டார்கள்.

“ஏய் கோமதி, இந்தியாவுலேருந்து ஆள் கொண்டாந்து கல்லு ஒடைக்கிறீங்களா? எங்க வீட்டு ஆம்பளைங்க சும்மாதான் இருக்காங்க.”

“ஒடைக்க இல்லக்கா, டெஸ்ட் பண்ண.”

“அந்தக் கல்லு எங்க எல்லாரையும் டெஸ்ட் பண்ணிருச்சு. இனிமே நீங்க பண்ணுங்க.”

பாறை ஒரு பஸ் அளவு இருந்தது. கீழிருந்து பார்த்தால் உருண்டு வரக் காத்திருப்பது போல்தான் தெரியும். ஆனால் அது எங்கிருந்தும் உருண்டு வந்ததில்லை. மலைக்குள் கட்டம் கட்டமாக விரிசல் விட்ட கல்லை, நீர் எல்லாப் பக்கமும் சுற்றி அரிக்கும்போது, மூலைகள் முதலில் உதிர்கின்றன. ஒரு மூலைக்கு மூன்று பக்கமிருந்து தண்ணீர் வருகிறது, தட்டையான முகத்துக்கு ஒரு பக்கம்தான். வெங்காயத்தை உரிப்பது போல் அடுக்கடுக்காகக் கழன்று, கடைசியில் நடுவே உருண்டையாக நிற்பது இந்த மிச்சம். நான் கை வைத்தேன். மேலே படர்ந்த கல்பாசி ஈரமாக, ஒரு மிருகத்தின் முதுகு போல் இருந்தது. சுத்தியலால் தட்டியபோது கணீரென்று மணி அடித்தது. பனி அந்தச் சத்தத்தைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டு வந்தது.

பாறையின் அடியில் விரல் அகலத்துக்கு வரிசையாகப் பள்ளங்கள். “கவ்வாத்துக் கத்தி தீட்டுற எடம்” என்றார் சிவகுமார். தேயிலைச் செடியை வெட்டிவிடும் பருவத்தில், கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டுவிட்டு, ஆண்கள் எல்லோரும் இங்கேதான் கத்தியைத் தீட்டுவார்களாம். “எங்க அப்பா, அவங்க அப்பா, எல்லாரும்.” மழை யுகக்கணக்கில் செய்ய முடியாத பள்ளத்தைச் சில தலைமுறைக் கத்திகள் செய்திருந்தன. பக்கத்தில், தீட்டும்போது தொட்டுக்கொள்ளத் தண்ணீர் ஊற்றி வைக்கும் ஒரு குழி, சாப்பாட்டுத் தட்டு அளவு.

அந்தக் குழிதான் எனக்கு வேண்டியிருந்தது. அதன் சுவரில், இத்தனை காலமாகத் தண்ணீர் நின்ற உயரத்தில், துருநிறத்தில் ஒரு கறைக்கோடு. புட்டியிலிருந்து தண்ணீரை அந்தக் கோடு வரைக்கும் ஊற்றினேன். நீர் அசைந்து அடங்கியது. சுற்றிலும் கோட்டைச் சரியாகத் தொட்டு நின்றது. ஒரு பக்கம்கூட ஏறவில்லை, இறங்கவில்லை. இந்தத் தோட்டத்தில் கத்தி தீட்டத் தொடங்கிய நாளிலிருந்து பாறை ஒரு மயிரிழை சாயவில்லை. அடியைச் சுற்றி வந்து பார்த்தேன், தாங்கும் கல்லோடு அது இன்னும் ஒட்டியே இருந்தது.

“அண்ணே, இது வராது” என்றேன்.

சிவகுமார் பாறையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கீழே இறங்கியபோது செய்தி எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. செல்வி அண்ணி வாசலில் நின்றார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

“உண்மையாவா மிஸ்? எம் புள்ளைங்க மேல சத்தியமா?”

“பயப்படாம குடிபோங்க அண்ணி.”

இந்த மூன்று சொற்களை நான் பிறகு நோட்டில் எழுதிப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாதவை இரண்டு: பயப்படாம, குடிபோங்க. ஆனால் அன்று மதியம் எனக்கு அது தெரியவில்லை. பருப்பும், நெத்தலிக் கருவாடும், கோவா வறையும் வைத்துச் சாப்பாடு போட்டார்கள். முட்டைக்கோஸை அங்கே கோவா என்கிறார்கள், பொரியலை வறை என்று. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை காலை செல்வி அண்ணி சாவியோடு வந்தார். புது வீட்டின் அடுப்படியை அதுவரை யாருக்கும் திறந்து காட்டியதில்லையாம், கோமதிக்குக்கூட.

“கல்லு விஷயம் தெரியாம காட்டக்கூடாதுன்னு வச்சிருந்தேன். இப்ப வாங்க.”

லயத்து அறையில் அடுப்பும் படுக்கையும் ஒரே இடம். புகை போக வழி கிடையாது. இங்கே தனியாக ஓர் அடுப்படி, தகரக் கூரை, சிமெண்டு மேடை, பித்தளைச் சொம்பு முதல் ஈயச் சட்டி வரை அளவு வாரியாக அடுக்கிய பாத்திரம். எல்லாம் அவர் கை. மூன்று பக்கம் கல் கட்டிய சுவர். நான்காவது பக்கம் வெள்ளையடித்த சுவர், ஆள் உயரத்துக்கும் மேலே, லேசாக அலையலையாக இருந்தது. அதில் விளக்கு வைக்க ஒரு மாடம், மேலே வளைவாக, அழகாக.

“இந்தப் பின்சுவர் நாங்க கட்டல மிஸ்” என்றார் சிவகுமார் பெருமையாக. “மலையே குடுத்திருச்சு. செங்குத்தா வெட்டி வெள்ளையடிச்சேன். உள்ளுக்குக் கல்லுதான். வரியெல்லாம் இருந்திச்சு. அலவாங்கு போட்டுக் குத்தித்தான் வெட்டுனேன், கையெல்லாம் கொப்பளம்.”

கடப்பாரையை அங்கே அலவாங்கு என்கிறார்கள். வெயில் காலத்தில் காய்ந்து இறுகிக் கிடந்ததை வெட்டியிருக்கிறார். நான் மாடத்தைத் தொட்டேன். விரல் நுனியில் சுண்ணாம்போடு மாவு போன்ற மண்ணும் கொஞ்சம் ஒட்டியது.

“இதை எதால வெட்டினீங்க அண்ணி?”

“இதுவா? சோத்துக் கரண்டியால. ரெண்டு நாள்ல தோண்டிட்டேன்.”

கரண்டியால் தோண்ட முடிகிற பாறை. எல்லோரும் மேலே காட்டினார்கள், நானும் மேலேயே பார்த்திருக்கிறேன். வீட்டின் முதுகுப் பக்கத்தைச் சுற்றி வந்து பார்க்காமல் குடிபோங்க என்று சொல்லியிருக்கிறேன். என் தொழிலில் முதல் மாதமே சொல்லிக் கொடுப்பது, பார்க்காத இடத்தைப் பற்றி வாயைத் திறக்காதே என்பதுதான்.

வெளியே போய் வீட்டுக்குப் பின்னால் ஏறினேன். வெட்டின் விளிம்புக்கு மேலே தேயிலை, அதற்கு மேலே சரிவு முழுவதும், அதில் விழும் மழை முழுவதும், நேராக இந்த விளிம்புக்கு. நடுவில் ஒரு கான்கூட இல்லை. திரும்பி வந்து சொன்னேன்: கல் வராது, ஆனால் இந்தச் சுவர் வரும்.

சிவகுமார், “மிஸ், அது கல்லு” என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

“கல்லா இருந்தது அண்ணே. வரி மட்டும்தான் மிச்சம்.”

“எப்ப விழும்?” என்றார் செல்வி அண்ணி.

“தெரியாது. இந்த மழைக்கு விழலாம். பத்து வருஷம் நிக்கலாம்.”

“எப்பன்னு தெரியாது. ஆனா விழும். இதச் சொல்லவா படிச்சீங்க? நேத்துப் பயப்படாதீங்கன்னீங்க.”

“நேத்து நான் இதப் பாக்கல. அது என் தப்பு.”

மாடத்தின் ஓரத்தில் எலுமிச்சை அளவு ஒரு கட்டியை உடைத்தெடுத்தேன். நல்ல கட்டி, இளஞ்சிவப்பும் வெள்ளையும் வரி போட்டு, யார் பார்த்தாலும் கல் என்றுதான் சொல்வார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டேன். கோமதி கொண்டுவந்தாள். கட்டியை மெதுவாக உள்ளே விட்டு மேடைமேல் வைத்தேன்.

முதலில் சின்னச் சின்னக் குமிழிகள், பெருமூச்சு விடுவது போல. பிறகு ஓரங்கள் தளர்ந்தன. ஒரு வெள்ளை வரி தனியாகப் பிரிந்து, நூல் மாதிரி மிதந்து, கலைந்தது. கட்டி உட்கார்ந்தது. யாரும் தொடவில்லை, யாரும் குலுக்கவில்லை. தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் டம்ளரின் அடியில் சேறும், அதன்மேல் பால் கலந்தது போன்ற தண்ணீரும் மட்டும் இருந்தன.

செல்வி அண்ணி டம்ளரைப் பார்த்துக்கொண்டே புருஷனிடம் பேசினார். “தேயிலைக்குக் கான் வெட்டத் தெரியும். பொஞ்சாதி அடுப்புக்கு மேல வெட்டத் தெரியாது.”

“கல்லுக்குத் தண்ணி என்னா செய்யும்னு நெனச்சேன்டி.”

“நெனப்பீங்க.”

செய்ய வேண்டியதைச் சொன்னேன்: பின்சுவரை மேலிருந்து படிப்படியாகச் சாய்த்து வெட்ட வேண்டும், விளிம்புக்கு மேலே கான் எடுத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், படிகளில் வேரால் மண்ணைப் பிடிக்கும் மானாப்புல் நட வேண்டும், அடுப்படி அந்த இடத்திலிருந்து போக வேண்டும், அதுவரை மழையில் யாரும் பின்னால் நிற்கக் கூடாது. சிவகுமார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் தொழில்தானே, ஒரு தடவை சொன்னால் போதும். முன்னறையும் படுக்கையறையும் பரவாயில்லை என்பதை இம்முறை அளவுநாடா பிடித்து அளந்த பிறகே சொன்னேன். செல்வி அண்ணி எதையும் கேட்காமல் அடுப்படியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்கு ரொட்டி கோமதியின் கையால் வந்தது.

வியாழக்கிழமை என்னையும் அண்ணியையும் ஒரே வீட்டில் வைத்திருக்கக் கோமதிக்கே தைரியமில்லை. லீவு போட்டுவிட்டு என்னை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனாள். சந்தையில் லீக்ஸும் கேரட்டும் பீட்ரூட்டும் கழுவிக் குவித்திருந்தார்கள். ஊட்டி மார்க்கெட்டில் இறங்கியது போலத்தான், ஒன்றைத் தவிர: இங்கே யாரும் கத்தவில்லை. குளிரில் சத்தம் போட்டால் வாய்க்குள் பனி போய்விடும் என்று பயப்படுவது போல் மெதுவாகப் பேரம் பேசினார்கள். திரும்பும் பஸ்ஸில் தலவாக்கலை அருகே ஆறு தெரிந்தது. மேலே எங்கோ மழை. ஆறு பால்தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. “கொத்மலைக்குப் போகுது” என்றாள் கோமதி. அங்கே நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்கும், களி மெல்ல அடியில் இறங்கும். ஒரு மலை முழுவதும் இப்படி, யாரும் பார்க்காத வேகத்தில், ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குப் போய்க்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்ந்தபடி கொஞ்சம் தூங்கியும்விட்டேன்.

“அண்ணி உன்கிட்டப் பேசலன்னு கோவமா?” என்று கோமதி கேட்டாள்.

“இல்ல. நானா இருந்தாலும் பேசமாட்டேன்.”

நாங்கள் போய் இறங்கியபோது அடுப்படிக் கதவு திறந்து கிடந்தது. செல்வி அண்ணி பாத்திரங்களை முன்னறைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். உதவப் போன கோமதியைக் கையசைத்து நிறுத்தினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பித்தளைச் சொம்பு முதலில். பிறகு இட்லிச் சட்டி, ரொட்டிக்கல், அம்மி, உப்புச் சாடி, மூன்று பெரிய குண்டான்கள், துருவலை, மசாலா டப்பாக்கள் ஒவ்வொன்றாக, எண்ணெய்ப் போத்தல், சாமி விளக்கு. கடைசியாக ஒரு கரண்டி. அதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை முன்னறையின் நடுவில் மூன்று செங்கல் வைத்துப் பால் காய்ச்சினார்கள். லயத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். பால் பொங்கியதும் பெண்கள் குலவையிட்டார்கள். பொங்கல் பானைக்கு இடமில்லாமல் வாசலில் வைத்தார்கள். மதியத்துக்குள் சிவகுமாரும் அவரோடு கான் வெட்டுகிற மூன்று பேரும் அடுப்படித் தகரத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் பின்னால் மேலே ஏறியிருந்தார்கள்.

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமானது. பை வாசலில் இருந்தது. செல்வி அண்ணி வாழையிலையில் பொட்டலம் கட்டிய ரொட்டியோடு வந்தார், இன்னும் சூடு. மூன்று நாளில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க வராம இருந்திருந்தா எனக்கு ஒரு அடுப்படி இருந்திருக்கும்.”

“இருந்திருக்கும் அண்ணி.”

தூறல் தொடங்கியது. முதலில் தேயிலை மேல் மட்டும் கேட்டது, பிறகு கூரைமேல். மழை கனக்கும் முன் அவர் பின்பக்கம் திரும்பி, “ஏங்க, மழை வந்திருச்சு, எல்லாரும் எறங்கி முன்னுக்கு வாங்க” என்று உரக்கக் கூப்பிட்டார். மண்வெட்டிச் சத்தம் நிற்கும்வரை காது கொடுத்திருந்தார். நாலு பேரும் வீட்டைச் சுற்றி முன்னால் வந்து, கூரைக்கடியில் நின்று தலையைத் துடைத்தார்கள். உதடு அசையாமல் அவர்களை எண்ணினார்.

“இந்தச் சுவரு எத்தன நாளைக்கு நிக்கும்னுதான் தெரியாது, இல்ல?” என்றார் என்னிடம்.

பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், நாலு பேருக்கும் டீ ஊற்ற உள்ளே போய்விட்டார்.